உன் நகங்களுக்கு நான் பூசிய சாயம்

என் மகளுக்கு,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. உன் குகட்பள்ளிக்கும் என் மல்காஜ்கிரிக்கும் நடுவே இரண்டு பஸ் மாறினால் போதும், நேரில் வந்தே பேசியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். போன ஞாயிற்றுக்கிழமை அதற்காகத்தான் வந்தேன். உன் மாமியார் என் தட்டில் இடியாப்பத்தை வைத்துக்கொண்டே அமெரிக்காவில் எந்த மாதம் பனி விழும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீயும் மாப்பிள்ளையும் பெட்டியை எடை பார்ப்பதும் எதையாவது எடுத்து வெளியே வைப்பதுமாக இருந்தீர்கள். நான் பேச வந்ததைப் பேசாமல் திரும்பி வந்தேன். போனில் பேசலாம் என்றால் நீ இரண்டு முறை "சரிம்மா" சொல்லி வைத்துவிடுவாய். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. இன்னும் மூன்று வாரத்தில் நீ விமானம் ஏறப் போகிறாய். அதற்குள் உன் தைராய்டு மாத்திரை பற்றி உன் கணவரிடம் நீ சொல்லிவிட வேண்டும். சொல்லாதே என்று உனக்குச் சொன்னவள் நான். அதனால் சொல் என்று கேட்கும் வேலையும் என்னுடையதுதான்.

போன மாதம் நீ இங்கே வந்து தங்கிய இரண்டு நாளில் நான் பார்த்தேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். என் பழைய ஷிபான் புடவையை மடிக்கும்போது உன் விரல் அதில் மாட்டிக்கொண்டது. இழை ஒன்று உருவி வந்தது. நீ சட்டென்று கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். மெரூன் சாயத்துக்குக் கீழே நகம் ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது, கட்டைவிரலில் ஓரம் உடைந்து சதை தெரிந்தது. செருப்பில்லாமல் நின்றாய், அதனால் கால் நகங்களையும் பார்த்தேன். மாத்திரை போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டேன். "எப்பம்மா போடறது? காலைல கண்ணைத் தொறந்தா அத்தை காபியோட நிக்கிறாங்க. வேண்டாம்னா மூஞ்சி வாடிடுது" என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "அவங்க நல்லவங்கதாம்மா. அதான் கஷ்டம்" என்றாய். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ நாள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் செய்வது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. மறைத்து வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். மறைத்தபடி எப்படி வாழ்வது என்பதை உன்னிடம் விட்டுவிட்டேன்.

நகம் என்பது என்ன என்று எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் என் குற்றத்தில் பெரிய பங்கு. உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நான் அந்த வேலையில் சேர்ந்தேன். அப்போது செகந்திராபாத்தில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் பள்ளி, அவற்றில் பாதியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் சொல்லிக்கொடுத்தார்கள். கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவளுக்கு அது கதவைத் திறந்த மாதிரி இருந்தது. காலை ஆறு மணி ஷிஃப்ட். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். பெடலை மிதித்தால் எங்கோ ஒரு அமெரிக்க டாக்டர் பேசுவார், விட்டால் நின்றுவிடுவார். அவர் சொல்வதையெல்லாம் நான் தட்டச்சு செய்ய வேண்டும். நீ ஒருமுறை என் நாற்காலியில் உட்கார்ந்து பெடலை மிதித்துவிட்டு, "அம்மா, இந்த அங்கிள் ஏன் மூச்சே விடாம பேசறாரு?" என்று கேட்டாய். அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கடி வரும் வாக்கியங்களுக்கு ஆளுக்கொரு சுருக்கெழுத்துப் பட்டியல் வைத்திருப்போம். இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு வாக்கியமும் திரையில் வந்து விழும். நல்ல பட்டியல் வைத்திருப்பவள் வேகமானவள். எங்கள் பிரிவில் மிக நீளமான பட்டியல் என்னுடையது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்தவர்கள் என் மேஜைக்கு வருவார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது.

உனக்குப் பதினான்கு வயதில் அது தொடங்கியது. முதலில் நகம்தான். பரீட்சை பயத்தில் கடிக்கிறாய் என்று நினைத்தேன், வேப்பெண்ணெய் தடவினேன். நீ கடிக்கவே இல்லை. பிறகு நம் வீட்டு போர் தண்ணீர்மேல் பழி போட்டேன். அது உப்பேறிய தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், எல்லோர் முடியையும் கொட்ட வைக்கும், அதனால் அதைக் குறை சொல்வது சுலபமாக இருந்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். யாரோ சொன்னார்கள் என்று நகத்தைக் கெட்டியாக்கும் திரவம் ஒன்று வாங்கினேன், அது காய்ந்து நகத்தோடு உரிந்து வந்தது. கடைசியில் ஜெனரல் பஜாரிலிருந்து சாயப் புட்டிகள் வாங்கி வந்தேன். பள்ளிக்கூடத்தில் நகச் சாயம் கூடாது. அதனால் சனிக்கிழமை மதியம் பூசுவோம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அழிப்போம். வாரா வாரம் அந்தக் காரமான திரவத்தில் பஞ்சை நனைத்து உன் நகத்தை நானே துடைத்தேன். ஏற்கெனவே வறண்டிருந்த நகத்தில் மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையையும் அதுதான் உறிஞ்சியது என்பது பிறகுதான் புரிந்தது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளை வெறுக்க என்னால் முடியவில்லை. உன் கை என் மடியில் இருக்கும், நீ வகுப்புக் கதை சொல்லுவாய், நான் ஊதி ஊதிக் காயவைப்பேன். என் மடியில் கிடந்த கை சில்லென்றுதான் இருந்தது. ஏப்ரல் மாதத்தில், இந்த ஊர் வெயிலில்.

குளிருகிறது என்பதை மட்டும் நீ எப்போதும் தெலுங்கில்தான் சொல்வாய். "சலிகா உந்திம்மா" என்று ஃபேனை அணைப்பாய். உன் அப்பா ரயில்வே ஆபீஸிலிருந்து வியர்த்து வந்து ஃபேனைப் போடுவார், நீ அணைப்பாய், அவர் போடுவார். "இவளுக்குன்னு தனியா ஒரு சிம்லா கட்டணும்" என்பார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடப்பாய். புத்தகம் முகத்தின்மேல் கவிழ்ந்திருக்கும். பத்தாம் வகுப்பு அரையாண்டில் மூன்று பாடத்தில் தவறினாய். அதுவரை ஒன்றில்கூடத் தவறாதவள். அந்த ஞாயிற்றுக்கிழமை போலாரத்திலிருந்து உன் அப்பாவின் அக்கா வந்திருந்தார். அவர் முன்னால் உன் ரிப்போர்ட் அட்டையைத் தூக்கிக் காட்டி நான் சொன்னது எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "இதுக்கு உடம்பு பூரா சோம்பேறித்தனம். கையைப் பாருங்க, நகத்தைக்கூட வச்சுக்கத் தெரியல." உன் அத்தை உடனே, "பச்சப்புள்ளைய ஏம்மா நிக்க வச்சுக் கேக்கறே, நக்கோ, விடு. மூஞ்சி ஊதின மாதிரி இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்றார். நான் காதில் வாங்கவில்லை. நீ "ஓகே அம்மா" என்றாய். அழவில்லை. உள்ளே போய் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்துவிட்டாய். அதன் பிறகு குளிருகிறது என்று நீ என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு அப்போது நீ திருந்திவிட்டதாகத் தோன்றியது.

நான் நிறையப் படிப்பவள் என்று உன் அப்பா விருந்தாளிகளிடம் சொல்வது உனக்குத் தெரியும். ரயில்வே குடியிருப்பு நூலகத்தில் தமிழ் அலமாரி மொத்தத்தையும் முடித்தவள், ஆங்கிலத்தில் பாதியை முடித்தவள். புத்தகத்தில் வரும் பெண்களுக்காக பஸ்ஸில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்திருக்கிறேன். அவர்கள் ஒரு சொல்லை விழுங்கினால்கூட எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்து அறையில் நீ விழுங்கியது தெரியவில்லை. படிப்பு மனிதரைக் கூர்மையாக்கும் என்று நம்பியிருந்தேன். எனக்கு அது தூரத்துப் பார்வையை மட்டும்தான் கொடுத்தது போலிருக்கிறது.

அதற்கு அடுத்த பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்மஜா என்ற புதுப் பெண் பட்டியலை எழுதிக்கொள்ள என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு சுருக்கமாகக் கேட்டு எழுதினாள். ஒன்றில் நின்று, "அக்கா, இது ஸ்கிரீன்ல ஓடிருச்சு. ஒக்கசாரி சதவண்டி" என்றாள். ஒருமுறை வாசியுங்கள் என்று கேட்டாள், அவ்வளவுதான். இரண்டு எழுத்தைத் தட்டிவிட்டு நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை உனக்குத் தமிழில் சொல்கிறேன். 'நோயாளி சோர்வையும், குளிர் தாங்காமையையும், முடி உதிர்வதையும், நகங்கள் எளிதில் உடைவதையும் தெரிவிக்கிறார். முகத்தில் லேசான வீக்கம். தோல் வறண்டிருக்கிறது.' ஆறு வருடமாக அந்த வாக்கியத்தை நான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூட வாசித்ததில்லை. டாக்டர் 'சோர்வு' என்று ஆரம்பித்ததுமே என் விரல் இரண்டு எழுத்தைத் தட்டிவிடும். மீதியைக் கேட்கத் தேவையே இருக்காது. "என்னக்கா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அவள். "இது என் பொண்ணு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. உங்கள் பெண்ணுக்கு என்ன என்று கேட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, உன் பள்ளிக்கூட வாசலுக்கு ஆட்டோவில் வந்தேன். எதற்கு வந்தேன் என்று நீ கேட்கக்கூட இல்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் கையை நீட்டிக் கொடுத்தாய். அன்றைக்குக்கூட நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "சும்மா ஒரு டெஸ்ட்" என்றேன்.

முடிவைப் பார்த்துவிட்டு செகந்திராபாத் டாக்டரம்மா, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ "டூ இயர்ஸ்" என்றாய். எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்திருக்கிறாய். அவர் உன் கையைத் தன் மேஜை விளக்குக்குக் கீழே இழுத்துப் பார்த்து எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கியதை நான் அன்றிரவே நோட்டில் எழுதினேன். நாம் பார்க்கிற நகம் உயிரில்லாதது. உயிர் இருப்பது அடியில், தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில். அங்கே உண்டாகி வெளியே தள்ளப்பட்டு நுனிக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். அதனால் இன்று உடைகிற நுனி ஆறு மாதத்துக்கு முந்தைய உடம்பின் சேதி. மேலே எதைப் பூசினாலும் அது உருவான நாள் மாறாது. மாத்திரை ஆரம்பித்தபின் உன் நகத்தின் அடியில் பிறை மாதிரி ஒரு வழவழப்பான பகுதி வந்தது, மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. பழைய நகத்தை வெட்டி வெட்டி, ஆகஸ்டில் ஒரு நாள் பத்து விரலிலும் புது நகம் மட்டுமே இருந்தது. நீ அதை எனக்குக் காட்டவில்லை, உன் அப்பாவுக்குக் காட்டினாய். பத்தாம் வகுப்பை இன்னொரு வருடம் படித்தாய். உன் சிநேகிதிகள் உனக்கு ஒரு வகுப்பு மேலே போய்விட்டார்கள். உன் உடம்பு திரும்பி வந்தது, என்னிடம் எதையும் சொல்லும் வழக்கம் திரும்பி வரவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு, போன வருடம் மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் செய்ததைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. போலாரம் அத்தை ஒரு வாரத்துக்கு முன்பே வந்து, "சொல்லிடு. முதல்லயே சொல்லிடு" என்றார். தைராய்டு என்றால் குழந்தை பிறக்காது என்று நினைப்பார்கள் என்றேன். "நினைக்கறவங்க வீட்டுக்கு எதுக்குப் பொண்ணு குடுக்கறே? எங்க வீட்டுக்காரர் பல்செட்டை மறைச்சுத்தான் என்னைக் கட்டினாரு. மறுநாள் காலைல டம்ளர்ல பல்லு என்னைப் பாத்து சிரிச்சுது. நாப்பது வருஷம் ஆச்சு, இன்னிக்கும் அந்த டம்ளர்ல எனக்குத் தண்ணி இறங்கல" என்றார். நீ வாய்விட்டுச் சிரித்தாய், நானும் சிரித்தேன். உன் அப்பாவிடம் கேட்டேன். "நீ பாத்துக்கோ" என்றார். அத்தை கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஹவ், ஆமா, நீதான் படிச்சவ, உனக்குத் தெரியாததா" என்று குத்திவிட்டுத்தான் போனார்.

நான் பார்த்துக்கொண்டேன். உனக்கு மெரூன் சாயத்தை இரண்டு முறை பூசினேன். உன் நகம் அப்போது நன்றாகத்தான் இருந்தது, பூச வேண்டிய அவசியமே இல்லை. பயத்தில் பூசினேன். மாத்திரைப் புட்டியை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்தேன், அது முழுதாக வரவில்லை, நகத்தால் சுரண்டினேன். அதன்மேல் ஒரு சத்து மாத்திரை லேபிளை ஒட்டி உன் பெட்டியில் வைத்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். "சொன்னா என்னம்மா ஆகும்?" என்று ஒரே ஒருமுறை கேட்டாய். "ஒண்ணும் ஆகாம இருக்கணும்னுதான்" என்றேன். நீ "ஓகே அம்மா" என்றாய். பதினைந்து வயதில் சொன்ன அதே குரல். அந்தக் குரலைக் கேட்டும் நான் லேபிளைத் தடவி ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு எது தெரிய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை உன்னைக் கேட்காமலே முடிவு செய்தேன். அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஜூலையில் உனக்கு நாள் தள்ளிப்போய், ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது. உன் மாமியார் போனில் அழுதுகொண்டே எனக்குச் சொன்னார். "சின்னப் பொண்ணுங்க, இன்னொண்ணு தங்கும், நீங்க மனசு விடாதீங்க சம்பந்தி" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மை தெரியாத ஒருவர் எனக்குச் சொன்ன ஆறுதலை நான் வாங்கிக்கொண்டேன். கருத்தரித்தால் உடனே வந்து காட்ட வேண்டும், மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம் என்று டாக்டரம்மா உன் கல்யாணத்துக்கு முன்பே நம்மிடம் சொல்லியிருந்தார். அவர்கள் கூட்டிப் போன மருத்துவமனையில் உனக்குத் தைராய்டு இருப்பது யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லவில்லை, மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார் என்றாய். போன வாரம் நான் தனியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். மாத்திரை விட்டுப் போனதால்தான் கலைந்ததா என்று கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, எத்தனையோ காரணங்களால் கலையும், ஒன்றுமே இல்லாமலும் கலையும் என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையே அதுதானா தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்திருந்தால்கூட ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது நான் இரண்டையும் சுமக்கிறேன், நீயும் சுமக்கிறாய் என்று நினைக்கிறேன். உன்னால்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடு. காபியை வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்.

கிளம்பும் அவசரத்தில் நீ கவனிக்க மாட்டாய் என்பதால், சின்ன விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். நகம் உடைவதெல்லாம் இந்த நோயினால் அல்ல. என் நகமும் இப்போது உடைகிறது, ஆனால் கை நகம் மட்டும்தான், அது சோப்புத் தண்ணீரும் வயதும் செய்கிற வேலை. கை, கால் எல்லா நகமும் சேர்ந்து மாறினால், கூடவே சோர்வும் இருந்தால், ரத்தத்தைப் பார். அங்கே வேலைக்காரி கிடையாது, பாத்திரம் நீதான் தேய்ப்பாய். நகத்துக்கு எதிரி தண்ணீர்தான், நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால் ஏடு பிரியும். கையுறை போட்டுக்கொள், மாப்பிள்ளை கேலி செய்தால் அவரையே தேய்க்கச் சொல். குளித்தபின் துடைத்துவிட்டு நகத்தின் அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவு, பனிக்காலத்தில் இரண்டு வேளை. நகம் ஊறியிருக்கும்போது வெட்டு, காய்ந்த நகம் வெட்டும்போதே பிளக்கும். குட்டையாக வை. அரம் போட்டால் ஒரே பக்கமாகப் போடு, முன்னும் பின்னும் ராவாதே. அடியில் இருக்கும் மெல்லிய தோலை அழுக்கு என்று நினைத்துத் தள்ளாதே, வெட்டாதே, அது வேருக்குக் காவல். உரிந்து நிற்கும் துணுக்கைப் பிய்த்து இழுக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. நகத்துக்கென்று கடையில் விற்கும் மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் விழுங்காதே, சிலது ரத்தப் பரிசோதனையையே குழப்பும் என்று டாக்டரம்மா சொன்னார். சாயம் பூசிக்கொள்ள ஆசையாக இருந்தால் பூசிக்கொள். எதையும் மூடுவதற்காகப் பூசாதே.

இதெல்லாம் செய்தாலும் அந்த மாத்திரை இல்லாமல் உன் நகம் தேறாது, நகம் மட்டுமல்ல, நீயும்தான். அங்கே சீட்டு இல்லாமல் மாத்திரை தரமாட்டார்கள். டாக்டரிடம் போக வேண்டும், இன்ஷூரன்ஸ் காகிதத்தில் எழுத வேண்டும், எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் கையெழுத்தும் இருக்கும். மறைக்க முடியாது என்பதற்காகச் சொல் என்று நான் கேட்கவில்லை. தெரியாத ஊரில், வெளியே பனி விழும்போது, உனக்கு அதிகமாகக் குளிருகிறது என்று நீ யாரிடமாவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே அவர்தான்.

நானே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நேற்றுக் காலை போனைக் கையில் எடுத்தேன். எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பயத்தினால் அல்ல. உன்னைக் கேட்காமல் மறைத்தேன், மறுபடியும் உன்னைக் கேட்காமல் திறந்து காட்டினால் இரண்டும் ஒரே காரியம்தான் என்று தோன்றியது. அது உன் உடம்பு. சொல்வதும், எந்த நாளில் எந்தச் சொல்லில் சொல்வதும் உன்னுடையது. நீ சொல்லாமலே விமானம் ஏறினாலும் நான் வாய் திறக்க மாட்டேன். அப்படி நடந்தால் எனக்குத் தூக்கம் வராது, ஆனாலும் திறக்க மாட்டேன்.

இந்த உறைக்குள் இன்னொரு காகிதம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு எழுதியது. ஒட்டவில்லை, முதலில் நீ படி. நீ பேசும்போது அவர் கையில் கொடுக்கலாம், பேசிய பிறகு கொடுக்கலாம், பிடிக்காவிட்டால் கிழித்துப் போடலாம், என்ன செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். நாலு வரிதான். உனக்குப் பதினைந்து வயதிலிருந்து இந்த மாத்திரை உண்டு என்றும், நீ சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டாய் என்றும், புட்டியில் பொய் லேபிளை ஒட்டியது என் கை என்றும் எழுதியிருக்கிறேன். கோபம் வந்தால் அது மல்காஜ்கிரிக்கு வரட்டும், அவருக்கு வழி தெரியும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டில் இருப்பேன் என்று முடித்து என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன்.

அம்மா